ஆஸ்டின் பவுடர்

வீணா ஸ்ட்ரைக்கரை வைப்பதற்கு முன்னால் கேரம் பலகைமேல் குனிந்து ஒரு ஊது ஊதுவாள். வெள்ளைத் தூள் புகைபோல எழும்பி எதிராளியின் மூக்குவரை போகும். "ஊதிட்டாடா, இனிமே காயை எண்ணிக்கோ" என்று பின்னால் நிற்கும் பையன்கள் கத்துவார்கள். ஆஸ்டின் டவுன் சங்கக் கூடத்தில் அந்த ஊதலுக்கே தனியாகக் கைதட்டல் உண்டு.

இரண்டாயிரத்து நான்காம் வருடம். வீணாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவள் அம்மா தனக்கோடி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆயா. அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் வீணாதான், பி.எஸ்ஸி. வேதியியல். கறுப்பு அங்கி போட்டு எடுத்த படம் டி.வி.க்கு மேலே தொங்கியது. அதன் ஆணியிலேயே கேரம் பதக்கங்களும் தொங்கின. இரண்டில் எது நான் என்று வீணா அடிக்கடி யோசிப்பாள். பதக்கம் வாங்கியது எப்படி என்று அவளுக்குத் தெரியும். பட்டம் வாங்கி என்ன கற்றுக்கொண்டோம் என்பதுதான் சரியாகத் தெரியவில்லை. கட்டடங்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் டிரெய்னி வேலை. சாவிக் கொத்தோடு பிளம்பர் பின்னாலும் எலக்ட்ரீஷியன் பின்னாலும் நடப்பாள். வேதியியலுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம்.

அந்த வருடம் ஆஸ்டின் டவுனே ஒரு மாதிரி துள்ளிக்கொண்டிருந்தது. பழைய பட்டாளப் பகுதியான கன்டோன்மென்ட்டின் பேட்டைகளுக்கு இடையே நடக்கும் கேரம் போட்டி ரொம்ப வருடங்களுக்குப் பிறகு அவர்கள் கூடத்துக்கு வருகிறது. பெண்கள் கோப்பையை மர்பி டவுன்காரர்கள் சொந்த வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடுங்கக்கூடிய ஒரே ஆள் வீணா என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இட்லிக் கடையில்கூட அவளுக்கு ஒரு இட்லி கூடுதலாக விழுந்தது.

இந்தப் போட்டிகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பலகை வீட்டுக்காரருடையது, பவுடர் விருந்தாளியுடையது. உள்ளூர்க்காரர்கள் தங்களுக்குத் தோதாக எதையும் செய்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ என்றைக்கோ வைத்த ஏற்பாடு. ஆகவே நல்ல பவுடர் வைத்திருக்கிற கிளப்புக்கு வெளிப்பேட்டை ஆட்டத்தில் தனி மிடுக்கு. மற்றவர்கள் கடையில் போரிக் பவுடர் வாங்கினார்கள். ஆஸ்டின் டவுனிடம் 'ஆஸ்டின் பவுடர்' இருந்தது. அதைத் தூவினால் காய் கண்ணாடிமேல் போகிற மாதிரி வழுக்கும்.

அதைச் செய்கிறவர் கோவிந்தப்பா. ஆட்டோ ஓட்டுகிறவர், கிளப்பின் நடுவர், ஐம்பது தாண்டியவர். சங்கக் கூடம் முன்காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்கும் இடமாக இருந்ததாம். பின்னறையில் பாய்லர் இருந்தது. பாய்லர் போய்விட்டது, அதன் சூடு வெளியே வராமல் சுற்றி அடித்திருந்த வெள்ளைப் பலகைகள் மட்டும் நின்றன. அதில் ஒரு பலகையின் ஓரத்தைக் கோவிந்தப்பா உப்புத்தாளால் தேய்த்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, டால்டா டப்பாவில் போட்டு வைப்பார். எந்தப் பலகையில் தேய்க்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவர் அதைத் தேவ ரகசியம் மாதிரி கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வார்.

போட்டிக்கு முந்தைய வியாழக்கிழமை வீணாவின் வேலையிடத்தில் ஒரு கூச்சல். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காக ரெசிடென்சி ரோடு பக்கம் பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்து இயந்திர அறையில் ஆட்கள் கடப்பாரையை ஓங்கிய நேரம், பாதுகாப்பு ஆலோசகர் சீனிவாசராகவன் "நிறுத்து, நிறுத்து!" என்று ஓடிவந்தார். எல்லாரையும் வெளியே அனுப்பினார். விசிறியை அணைக்கச் சொன்னார். துடைப்பத்தை எடுத்த பெண்ணின் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். கதவைச் சாத்தி, இடுக்குகளில் பிளாஸ்டிக் தாளை வைத்து டேப் ஒட்டினார்.

"என்ன சார், பாம்பா?" என்றாள் வீணா.

"பாம்பா இருந்தா அடிச்சிடலாமே. ஆஸ்பெஸ்டாஸ். சும்மா நிக்கிற வரைக்கும் அது பாட்டுக்கு நிக்கும். உடைச்சா, தேய்ச்சா, பெருக்கினா கண்ணுக்குத் தெரியாத நாரா பறக்கும். மூச்சுல போனா நுரையீரல்லயே தங்கிடும். இருபது முப்பது வருஷம் கழிச்சு வேலையைக் காட்டும்."

சாவி அவளிடம்தான் இருந்தது. பூட்டுவதற்கு முன் கதவின் சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். சாம்பல் பூத்த வெள்ளைப் பலகை. முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி. உடைந்த ஓரத்தில் பூனை மயிர் மாதிரி நார்.

அந்தப் பலகையை அவளுக்குத் தெரியும். பத்து வயதிலிருந்து தெரியும். அதைத்தான் அவள் ஊதிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் நின்றபடியே வீட்டுக்குப் போனாள். உட்கார இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் பீக்கருக்கு அடியில் வைக்கும் கம்பி வலையின் நடுவில் வெள்ளையாக வட்டம் இருக்குமே, அதுவும் இதேதானோ, அது என்ன என்று மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நான் கேட்கவில்லையே என்று நினைத்தாள். ஒருவேளை இது வேறாக இருக்குமோ? கண்ணால் பார்த்து மட்டும் ஒன்றைச் சொல்லலாமா? சொல்லித் தப்பாகிவிட்டால்? சொல்லாமல் விட்டு அது நிஜமாகிவிட்டால்?

கூடத்தில் கோவிந்தப்பா ஞாயிற்றுக்கிழமைக்காகப் பரபரவென்று பெருக்கிக்கொண்டிருந்தார். மாலை வெயில் சன்னல் வழியே விழுந்து தூசி பொன்னாக மிதந்தது.

"மாமா! துடைப்பத்தைக் கீழே போடுங்க!"

"ஏன் கண்ணு, நீ பெருக்கப் போறியா? மழை வரும் போலிருக்கே."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கூரியர் வேலை பார்க்கும் சுனில் கிளப்பின் செயலாளர். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க வீட்டுக் கூரையே ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுதான். இந்தத் தெருவுல பாதி வீடு அதான். நாங்கள்லாம் செத்தா போயிட்டோம்?"

"அது சிமென்ட்டோட கெட்டியா இறுகிப் போனது சுனில். உடைக்காம, அறுக்காம விட்டா பெரிசா தூள் வராது. இது மெத்துனு இருக்கு. நாம இதைத் தேய்ச்சு, சலிச்சு, ஊதவும் ஊதுறோம்."

"மர்பி டவுன் சாம்பியன் ஜகதாம்பாள் அக்காவைப் பார்த்து பயந்துட்டேன்னு நேரா சொல்லிடு. கூடத்தைப் பூட்டினா போட்டி மர்பி டவுனுக்குப் போயிடும். அதானே வேணும் உனக்கு?"

வீணாவுக்குச் சுருக்கென்றது. "பயமா? எனக்கா? தெருவுல பலகை போடு, அங்க ஆடுறேன். இந்தக் கூடத்துல மட்டும் யாரும் ஆட வேண்டாம்னுதான் சொல்றேன்."

கோவிந்தப்பா கையிலிருந்த துடைப்பத்தையும் பின்னறைக் கதவில் தொங்கிய வேட்டித் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "பத்துப் பன்னண்டு வருஷமா சலிக்கிறேன்" என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. பிறகு திடீரென்று கோபம் வந்து கன்னடம் கலந்த பேச்சில், "சும்னே இரும்மா. நாலு எழுத்து படிச்சதும் எங்க பவுடர் விஷமாப் போச்சா?" என்று ஆட்டோவை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு வீணா செய்த ஒரே நல்ல காரியம், கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதுதான். அதை யாரும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை. சிரித்தார்களே தவிர, கதவைத் தள்ளிப் பார்க்கவும் யாருக்கும் துணிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சீனிவாசராகவன் முன்னால் போய் நின்றாள். கேரம் பவுடர் என்றதும் அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஊதுவீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். மத்தியானமே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

தெருவே வேடிக்கை பார்த்தது. மூக்கை அழுத்திப் பிடிக்கிற கவசம் மாட்டிக்கொண்டு, செடிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலால் பலகையின் மூலையை முதலில் நன்றாக நனைத்தார். நகத்தளவு துண்டை வெட்டி, ஒரு பைக்குள் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் போட்டார். வெட்டிய இடத்தை ஈரத் தாளால் ஒற்றி டேப் ஒட்டினார். டால்டா டப்பா, வேட்டித் துணி, உப்புத்தாள் எல்லாவற்றையும் நனைத்துக் கட்டிப் பின்னறையிலேயே வைத்தார். கிளப்பின் கேரம் பலகைகளும் உள்ளேயே இருக்கட்டும் என்றார்.

"இது கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வைக்கிற மாதிரி இருக்கே" என்றாள் தனக்கோடி. அவர் கவசத்துக்குள்ளேயே சிரித்தார்.

வெளியே வந்து, "ஆபீஸ் சாம்பிளோட சேர்த்து அவசரம்னு சொல்லி லேபுக்கு அனுப்புறேன். பதில் வர்ற வரைக்கும் இது ஆஸ்பெஸ்டாஸ்னே வெச்சுக்குங்க. அப்புறம் இதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆட்கள் வந்து எடுப்பாங்க. நீங்க வீரம் காட்டிப் பலகையைப் பிடுங்கிடாதீங்க" என்றார். பையன்கள் உண்மையாகவே கடப்பாரையோடு தயாராக நின்றிருந்தார்கள். மெதுவாக அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சுனிலின் செல்போன் அடித்தது. தெருவிலேயே அது ஒன்றுதான். "உனக்குத்தான்" என்று நீட்டினான். சீனிவாசராகவன் ஒரே வார்த்தை சொன்னார்: "இருக்கு."

வீணா போனைத் திருப்பிக் கொடுத்தாள். சரியாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு கணம் உள்ளே ஜில்லென்று ஒரு சந்தோஷம். அடுத்த கணமே அதற்காக வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் நெஞ்சைப் பற்றிய செய்தியில் எனக்கென்ன வெற்றி?

சுனில் அவள் முகத்தைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "அப்போ தெருதான்" என்றான்.

அவ்வளவுதான், தெரு பற்றிக்கொண்டது. ஷாமியானா யார் வீட்டில் இருக்கிறது, குழல்விளக்கு யார் தருவது, நாற்காலிக்கு யாரைக் கேட்பது என்று ஒரே இரைச்சல். தனக்கோடி பள்ளிக்கூடத்து விளையாட்டு அறையிலிருந்து ஒரு கேரம் பலகையைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் இன்னொருத்தி அதை வைக்கும் ஸ்டாண்டோடு வந்தாள். கூடத்துக் கதவில் வீணா சுண்ணாம்பால் 'உள்ளே வராதீர்கள்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதினாள். எழுதிய கையோடு கதவுக்கு அடியில் ஈரச் சாக்கைச் செருகினாள். கோவிந்தப்பாவை மட்டும் எங்கேயும் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். சலவை வெள்ளைச் சட்டை, நடுவர் விசில். வீணாவைப் பார்க்காமலே போய் முக்காலியில் உட்கார்ந்தார். ஆஸ்டின் டவுன், மர்பி டவுன், இன்னும் நாலு பேட்டைக் கூட்டம் தெருவை அடைத்து நின்றது. மாடிப்படிகளில்கூட ஆள். ஆண்கள் ஆட்டம் முடிந்து, பெண்கள் இறுதி ஆட்டம் வந்தது.

ஜகதாம்பாள் வந்து உட்கார்ந்தாள். மர்பி டவுன் தையல்காரி, நாற்பது வயது, விரலில் ஊசி குத்திக் குத்திக் காய்ப்பு. "என்னம்மா பட்டதாரி, ஊதலையா இன்னிக்கு? மூச்சு நின்னுடுச்சா?" என்றாள்.

"காத்தை உங்களுக்காகத்தான் சேர்த்து வெச்சிருக்கேன்க்கா."

கூட்டம் சிரித்தது. பிறகு வழக்கப்படி ஜகதாம்பாள் தன் பையிலிருந்து பவுடரை எடுத்தாள். சின்ன டால்டா டப்பா. மூடியைத் திருகினாள்.

வீணாவுக்கு அந்த டப்பா எங்கேயோ பார்த்தது போலிருந்தது. உள்ளே இருந்தது போரிக் பவுடரின் பளிச்சென்ற வெள்ளை இல்லை. சாம்பல் பூத்த வெள்ளை.

"தூவாதீங்க!" வீணா எழுந்து ஜகதாம்பாளின் மணிக்கட்டைப் பிடித்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "அக்கா, கையை அசைக்காதீங்க. அப்படியே மூடியைப் போடுங்க."

"ஏய், என்ன இது?" மர்பி டவுன் கூட்டம் எகிறியது. "பவுடர் விருந்தாளியோடது! கட்டளை போட இவ யாரு?"

"தோத்துடுவோம்னு நாடகம் போடுறா!"

வீணாவிடம் காட்ட எதுவும் இல்லை. டப்பாவில் பெயரா எழுதியிருக்கிறது? தான் நினைப்பது தப்பாக இருந்தால் இத்தனை பேர் முன்னால் ஆஸ்டின் டவுனுக்கே அசிங்கம். ஆனாலும் ஜகதாம்பாளின் மணிக்கட்டை விடவில்லை.

"மூடிடு ஜகதாம்பா."

கோவிந்தப்பா முக்காலியிலிருந்து எழுந்திருந்தார். குரல் கம்மியிருந்தது. "அது என் பவுடர். போன தசராவுக்கு நான்தான் உனக்குக் கொடுத்தேன். ஊர்ல யாருக்கும் சொல்லாதேன்னு சொல்லிக் கொடுத்தேன்."

ஆஸ்டின் டவுன் நடுவர், ஆஸ்டின் டவுனின் ரகசியப் பவுடரை மர்பி டவுனுக்குத் தானம் செய்திருக்கிறார்! "அடப்பாவி மாமா!" என்று சுனில் அலறினான். மாடிப்படியில் யாரோ விசிலடித்தார்கள். ஜகதாம்பாளின் முகம் சிவந்துபோனது. வேறு நேரமாக இருந்தால் அந்தச் சிவப்புக்கு ஒரு வாரம் கதை கட்டியிருப்பார்கள்.

கோவிந்தப்பா அதையெல்லாம் கவனிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டைக் குடத்துத் தண்ணீரில் முக்கினார். மூடிய டப்பாவை அதில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டார். வெள்ளிக்கிழமை தெருமுனையில் ஆட்டோவுக்குள்ளிருந்து அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது வீணாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நாளைக்கு நெஞ்சு டாக்டர்கிட்ட போறேன் கண்ணு" என்றார் அவள் பக்கம் திரும்பி. "நீயும் கூட வா. எனக்கு என்ன கேக்கணும்னு தெரியாது."

"வரேன் மாமா. எனக்கும் பார்க்கணும்ல."

மருந்துக் கடையிலிருந்து போரிக் பவுடர் வந்தது. ஆட்டம் தொடங்கியது.

ஐயோ, அந்தப் பலகை! மழை ஈரக் காற்றில் போரிக் பவுடர் பிசுபிசுத்தது. வீணா பழைய பழக்கத்தில் மெதுவாகத் தட்டினால் ஸ்ட்ரைக்கர் பாதி வழியில் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடும். முதல் ஆட்டம் மளமளவென்று போய்விட்டது. "பவுடர் இல்லாட்டி ஆஸ்டின் டவுன் இல்லடோய்!" என்று மர்பி டவுன் பாடியது. இத்தனை நாள் ஜெயித்தது நானா, அந்தத் தூளா என்று வீணாவுக்கே சந்தேகம் வந்தது. இரண்டாவது ஆட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். நகக்கண் வீங்கியது. கோணத்தை மறந்துவிட்டு வேகத்தை மட்டும் படித்தாள். அந்த ஆட்டம் அவளுக்கு வந்தது. தெரு குலுங்கியது.

மூன்றாவதில் இருவரும் சமம். கடைசிச் சுற்று. சிவப்புக் காயை வீணா எடுத்துவிட்டாள். அவளுடைய வெள்ளைக் காய் ஒன்று, ஜகதாம்பாளின் கறுப்புக் காய் ஒன்று மிச்சம். வீணா அடித்த வெள்ளை ஊர்ந்து, தள்ளாடி, குழியின் உதட்டில் வந்து நின்றது. விழவில்லை. தனக்கோடி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

ஜகதாம்பாள் நிதானமாகக் குறிபார்த்தாள். நீள அடி. கறுப்பு கிளம்பியது, போனது, போனது, குழிக்கு ஒரு விரல் தள்ளி நின்றுவிட்டது. "என் பவுடர் இருந்திருந்தா விழுந்திருக்கும்" என்றாள் பெருமூச்சோடு.

வீணாவின் முறை. லேசாகத் தொட்டால் போதும், வெள்ளை விழும். ஆனால் ஸ்ட்ரைக்கரும் கூடவே விழுந்தால் காய் திரும்பி வரும், ஆட்டம் போச்சு. பழைய வழுக்குப் பலகையில் அது நிச்சயம் விழும். அவளுக்கு அப்படி நூறு தடவை விழுந்திருக்கிறது. ஊதுவதற்குக் குனிந்தாள். நினைவு வந்து நிமிர்ந்தாள். கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தட்டினாள்.

வெள்ளை விழுந்தது. ஸ்ட்ரைக்கர் பின்னாலேயே போனது. குழியின் விளிம்பில், அந்தப் பிசுபிசுத்த போரிக் பவுடரில் கால் சிக்கி, நின்றது.

கோவிந்தப்பா விசிலை ஊத மறந்து கத்தினார். சுனில் அவளைத் தூக்கப் பார்த்து முடியாமல் நாற்காலியைத் தூக்கினான். பறை எங்கிருந்தோ வந்தது. தனக்கோடி அழுதுகொண்டே யாரையோ திட்டினாள். இத்தனை நாள் மர்பி டவுன் கிளப்பில் இருந்த கோப்பை கைக்கு வந்தபோது வீணா அதற்குள் எட்டிப் பார்த்தாள்; அதற்குள்ளும் கொஞ்சம் தூசி. சட்டென்று நிமிர்ந்து ஜகதாம்பாளைத் தேடினாள்.

"அக்கா, இந்த மாதிரி டப்பா உங்க கிளப்ல இன்னும் இருக்கா?"

ஜகதாம்பாள் கோவிந்தப்பாவைப் பார்த்தாள். கோவிந்தப்பா ஆகாயத்தைப் பார்த்தார்.

"ரெண்டு இருக்கு. பசங்க இன்னிக்கும் அதுல ஆடுவாங்க. இப்பவே ஆடிட்டிருப்பாங்க."

"மாமா, ஆட்டோவை எடுங்க!"

தண்ணீர் பாட்டில், ஈரத் துணி, இரண்டு பிளாஸ்டிக் பை. ஜகதாம்பாள் முதலில் ஏறினாள். வீணா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டோ ஹாரனை அழுத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்தது. பின்னால் சுனிலின் பைக், அதன் பின்னால் இன்னும் நாலு பைக், அதன் பின்னால் பறை. மர்பி டவுன்காரர்கள் தங்கள் பேட்டைக்கு வெற்றி ஊர்வலம் வருகிறது என்று நினைத்துச் சண்டைக்குத் தயாராக வாசலுக்கு வந்தார்கள்.

ஆட்டோ நிற்பதற்குள் வீணா குதித்து இறங்கினாள். கிளப் சன்னலுக்குள் ஒரு பையன் பலகைமேல் குனிந்து கன்னத்தை உப்பியிருந்தான்.

"ஊதாதே!" என்றாள்.